கரைக்கு வராதவள்

என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைப் பற்றிக் கேட்டால் எழுபதுகளில் நடந்த இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. அன்றைக்கு வாத்தியார் வரவில்லை. விடியலில் கடலுக்குப் போன எங்கள் கட்டுமரங்கள் பேய்க்காற்றில் மாட்டிக்கொண்டன. சாயங்காலம் எப்படியோ கரையேறினோம். எல்லார் பெண்டாட்டியும் மாரடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். என்னவளை மட்டும் காணோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரத்துணியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். கதவு தாழிட்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். கதவை உதைத்தேன். திறந்தாள்.

“புருசன் செத்தானா பொழச்சானான்னு பாக்க மாட்டியாடி?”

வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. பின்னால் நின்ற எங்கள் மகள் சொன்னாள்:

“கரையில அழுவுறது எங்க காதுல வுழக் கூடாதுன்னு, மத்தியானத்துலேர்ந்து அம்மாவும் எங்களோட கத்திகினே கீது, நைனா.”