கிடங்கு மாடியில் ஒரு வேல்ஸ் பல்கலைக்கழகம்

போன வாரம் பர் துபாயில் சலவைக் கடைக்குச் சட்டைகளை வாங்கப் போயிருந்தேன். கம்பியில் தொங்கிய துணிகளுக்கு நடுவே ஒரு கறுப்பு அங்கி. பட்டமளிப்பு விழாவில் போடுவார்களே, அது. பாலியஸ்டரில் நீராவி இஸ்திரி பட்டால் ஒரு வாசனை வரும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டதுபோல இருக்கும். அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"க்யா ஹுவா பாய்?" என்றார் கடைக்காரர்.

என்னவென்று சொல்வது? ஒரு காலத்தில் இந்த மாதிரி அங்கிகளை மூட்டை மூட்டையாகத் தேய்த்தவன் நான், அதுவும் ஒரு வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்காக என்றால் அந்த மனிதர் என் சட்டைகளைத் திருப்பித் தந்திருப்பாரா?

உங்களிடம் சொல்லலாம். அல் கூஸில் டைல்ஸ் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் துபாய்க் கிளை. நாலு வகுப்பறை, ஒரு அலுவலகம், எப்போதும் ஒழுகும் ஒரு ஏ.சி. கீழே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போதெல்லாம் 'பீப் பீப்' என்று கத்தும். வகுப்பெடுப்பவர் அது முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பார். என் பதவி 'ரெஜிஸ்ட்ரி அசிஸ்டென்ட்'. அம்மா இதை ஊரில் "அவன் துபாய்ல பத்திர ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டாள். முதல் லீவில் ஊருக்குப் போனபோது மாமா ஒரு வில்லங்கச் சான்றிதழோடு வந்து நின்றார்.

என் மேலதிகாரி ரியன். வேல்ஸ்காரி, என் வயதுதான். வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றால் இறால் நிறத்துக்கு வந்துவிடுவாள். அவளைக் கோபப்படுத்த ஒரே வழிதான் உண்டு. பிள்ளைகளைச் சேர்க்க விசாரித்து வருகிற பெற்றோர்கள் அதைத் தவறாமல் செய்வார்கள்.

"வேல்ஸ்ங்கிறது இங்கிலாந்துல எந்தப் பக்கம் சார்?"

உள்ளறையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்கும். அவள் எழுந்து வருவதற்குள் நான் முந்திக்கொள்வேன். "இங்கிலாந்து இல்லீங்க. வேல்ஸ் தனி நாடு, தனி பாஷை." பிறகு பல்கலைக்கழகத்தின் சரித்திரத்தை அவிழ்த்து விடுவேன். கடலோர ஊர் ஒன்றில் பழைய கம்பளிக் கிடங்கில் தொடங்கினார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களும் ஆடு மேய்த்தவர்களும் தங்கள் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கட்டியது. அப்புறம் நாடு முழுக்க இருந்த கல்லூரிகள் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் கூட்டுக் குடும்பமாக இருந்தன. மருமகள்கள் தலையெடுத்ததும் ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம். இப்போது செலவு கட்டுப்படியாகாமல் மறுபடி இரண்டு இரண்டாகச் சேர்கிறார்கள். மருமகள் உவமை என் சொந்தச் சரக்கு. ரியனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, "எங்கள் செனட்டே இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை" என்றாள்.

நிர்வாகம் இன்னும் வேடிக்கை. வேந்தர் ஒருவர் உண்டு. அவர் சரிகை அங்கி போட்டுக்கொண்டு ஊர்வலம் வருவார், அவ்வளவுதான். வேலையெல்லாம் துணைவேந்தருக்கு. அவருக்கு மேலே காசைப் பார்த்துக்கொள்ள கவுன்சில், படிப்பைப் பார்த்துக்கொள்ள செனட், செனட்டுக்குக் கீழே புலங்கள், அதற்கும் கீழே தேர்வுக் குழுக்கள். துபாயில் ஒரு மாணவர் வாங்கிய மதிப்பெண் இத்தனை படிகளையும் ஏறி இறங்கினால்தான் மதிப்பெண். இதில் வெள்ளி, சனி எங்களுக்கு லீவு; சனி, ஞாயிறு அவர்களுக்கு. அவர்கள் வெள்ளிக்கிழமை கேட்கும் கேள்வியை நாங்கள் ஞாயிறு பார்த்துப் பதில் போட்டால், திங்கள் வரை மூச்சு பேச்சு இருக்காது.

அந்தப் படிகளில் மாட்டிக்கொண்டவர்தான் ஸ்டெல்லா அக்கா.

அஜ்மானில் இருந்து நாங்கள் ஒரே கார்லிஃப்டில், அதாவது மாசக் காசு கொடுத்து நாலைந்து பேர் சேர்ந்து போகும் காரில், வருவோம். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் டிப்ளமோதான் படித்திருந்தார். வார்டு பொறுப்பு நர்ஸ் பதவிக்கு அவரைக் கேட்டிருந்தார்கள், ஆனால் டிகிரி வேண்டும். டியூட்டி முடித்துக் கண்ணெரிச்சலோடு எங்கள் வகுப்புக்கு வருவார். காரில் ஷார்ஜா நெரிசலில் நிற்கும்போது புள்ளியியல் சூத்திரங்களை ஜெபம்போல முணுமுணுப்பார். புள்ளியியலில் முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவை நன்றாகவே பாஸ்.

அந்த நேரம் பார்த்து வேல்ஸிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பல்கலைக்கழகம் இன்னொன்றோடு இணைகிறது. பழைய பெயரில் இதுவே கடைசிப் பட்டமளிப்பு. முடிவு உறுதியாகாதவர்கள் புதிய பாடத்திட்டத்துக்கு மாறி, இரண்டு பாடம் கூடுதலாகப் படிக்க வேண்டும். ஸ்டெல்லா அக்காவின் இரண்டாவது மதிப்பெண்ணை உறுதிசெய்ய வேண்டிய குழு கூடுவதோ இணைப்புக்குப் பிறகு.

"இன்னும் ஒரு வருசமா?" என்றார் காரில். "அதுக்குள்ள அந்தப் போஸ்ட்டு போயிரும் மக்கா. எனக்கு அழுகையும் வரல்ல, தூக்கந்தான் வருது." சொல்லிவிட்டு நிஜமாகவே தூங்கிவிட்டார்.

விழா ஒரு வியாழக்கிழமை மாலை. அன்று காலை நான் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடப்பக்கம் வேல்ஸ் மொழி, வலப்பக்கம் ஆங்கிலம். பதற்றத்தில் இடப்பக்கத்தையே பத்து நிமிஷம் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவழியாக வலப்பக்கத்தில் கிடைத்தது: அவசரமென்றால், குழு கூடாமலேயே அதன் தலைவர் தனியாகக் கையெழுத்திட்டு முடிவை உறுதிசெய்யலாம்.

ரியனைக் கூப்பிட்டேன். துணைவேந்தரை வரவேற்க விமான நிலையம் போயிருந்தாள், போன் அணைந்திருந்தது. நான் யார், ஒரு கடைநிலை உதவியாளன். இருந்தாலும் வேல்ஸுக்கு நானே போன் போட்டேன். இங்கே மதியம் ஆகியிருந்தது, அங்கே அப்போதுதான் காலை.

ரியனிடம் கற்ற வேல்ஸ் வார்த்தை எனக்கு மூன்றோ நாலோதான் தெரியும். காலை வணக்கத்துக்கு அவர்கள் 'போரே தா' என்பார்கள். தமிழ்க் காதுக்கு யாரோ சண்டைக்கு அழைப்பதுபோல இருக்கும். மறுமுனையில் ஒரு பெண்மணி போனை எடுத்ததும் நான் பயத்தில், "போரே தா! துபாய்!" என்று கத்திவிட்டேன்.

மடை திறந்தது. அந்த அம்மாள் முழுக்க முழுக்க வேல்ஸ் மொழியில் பொழிய ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியாது. 'ஆமாம்' மட்டும் தெரியும். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னேன். என்னென்னவற்றுக்கு ஒப்புக்கொண்டேனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். மூச்சு வாங்க அவர் நின்ற இடத்தில் "தியோல்க்" என்றேன், நன்றி என்று அர்த்தம். கடைசி எழுத்து தொண்டையில் உரச வேண்டும். 'முடிந்தது' என்பதற்கு அரபியில் 'கலாஸ்' சொல்லிப் பழகிய தொண்டைக்கு அது ஒரு பெரிய வேலையா?

அதற்குமேல் நடிக்கத் தெம்பில்லை. ஆங்கிலத்துக்கு மாறி உண்மையைச் சொன்னேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "நான் இந்த மேஜைக்கு வந்த நாளிலிருந்து வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஒருவர்கூட எங்கள் மொழியில் வணக்கம் சொன்னதில்லை" என்றார். நான் விதியை வாசித்தேன், ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொன்னேன். "தலைவர் மத்தியானம் ரயில் ஏறப்போகிறார். இருங்கள், நானே மாடிக்குப் போகிறேன்" என்று வைத்துவிட்டார்.

மாலை, ஹோட்டல் மண்டபம். அங்கிகளைத் தேய்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் கடைசி வரிசையில் இருந்தார். கூடப் படித்தவர்களுக்குக் கைதட்ட வந்தாராம். அங்கியை நீட்டினேன்.

"வேண்டாம் மக்கா. பேரு வராம இதப் போட்டா நாடகக்காரி மாதிரி இருக்கும்."

ஊர்வலம் உள்ளே போயாயிற்று. தமிழ், மலையாளப் பெயர்களை முந்தைய வருஷம் ஒரு பேராசிரியர் கொத்துபரோட்டா போட்டதால், இந்த முறை பெயர் வாசிக்கும் வேலையை ரியன் எனக்குக் கொடுத்திருந்தாள். மேடைப்படியில் கால் வைக்கிறேன், பின்னாலிருந்து அவள் வேல்ஸ் மொழியில் ஏதோ கூவிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவருகிறாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்துவிட்டது. கையெழுத்து வந்துவிட்டது.

கடைசி வரிசைக்கு ஓடினேன். "அக்கா, எழும்புங்க! யல்லா யல்லா!"

"எங்க?"

"மேடைக்கு!"

அங்கியை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு அவர் வரிசையில் போய் நின்றார். நான் பட்டியலின் அடியில் பேனாவால் அவர் பெயரை எழுதினேன். அவசரமாகக் கிறுக்கியதில் அது கிட்டத்தட்ட வேல்ஸ் மொழியாகிவிட்டது. மற்றவர்கள் பெயரையெல்லாம் எப்படி வாசித்தேன் என்று நினைவில்லை. கடைசியாக, "ஸ்டெல்லா மேரி!" என்றபோது என் குரல் மைக்கையே கீச்சிட வைத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு விசில். அவர் கணவர் ஜெரோம் அண்ணன், சைட்டிலிருந்து சிமென்ட் பூட்ஸோடு நேராக வந்தவர், இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தார். துணைவேந்தர் குனிந்து வேல்ஸ் மொழியில் முழ நீளத்துக்கு ஒரு வாழ்த்துச் சொன்னார். ஸ்டெல்லா அக்கா கையைப் பிடித்துக் குலுக்கி, "ஆமா சார், ஆமா சார்" என்றார். இறங்கும்போது அழுதார், சிரித்தார், கடைசிப் படியில் தடுக்கி என்மேல் விழுந்தார்.

வார்டு பொறுப்பு அவருக்கே கிடைத்தது. இணைப்பு முடிந்து சில மாதங்களில் எங்கள் வாசலில் பலகை மாறியது. பிறகு பலகையும் போனது. ரியன் அவளுடைய மழைக்குத் திரும்பினாள். கிடங்கை இப்போது பேடல் விளையாட்டு மைதானமாக்கிவிட்டார்கள். என் மேஜை இருந்த பக்கம் குளிர்பான இயந்திரம் நிற்கிறது. வெள்ளிக்கிழமை லீவும் போய் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டோம்.

ஸ்டெல்லா அக்கா இப்போது அயர்லாந்தில் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அங்கிருந்து போன் செய்தார். ஏதோ வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்புகிறாராம்.

"மக்கா, படிச்ச யூனிவர்சிட்டி பேர லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லுது. நம்ம பேரு அதுல இல்ல."

"புதுப் பேரு இருக்கும், அதப் போடுங்கக்கா."

"அதுல நான் படிக்கலியே."

"அப்ப 'மற்றவை'ன்னு போட்டுட்டு, பக்கத்துக் கட்டத்துல பழைய பேர எழுதுங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வேல்ஸ் மொழியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, சான்றிதழில் இருக்கிறபடியே அடித்தாராம். பிறகு, "பாதிதான் பிடிக்குது மக்கா, கட்டம் நெறஞ்சிட்டு" என்றார்.

"போதும்க்கா. மிச்சத்த விடுங்க."

"எதுக்கு விடணும்?" என்று சொல்லிவிட்டு, மீதிப் பெயரைப் போனில் எனக்கு உரக்கச் சொன்னார்.