பனியில் ஓடுகிறவரின் ஊசிமருந்து

என் கணவர் பட்டாளத்துக்காரர். கும்மிடிப்பூண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். மலைப்பக்கம் வேலைக்குப் போகும்வரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மூச்சு நன்றாகத் தாங்குகிறது என்று அங்கே அவரைப் பனிச்சறுக்கு ஓட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சரிவில் சர்ரென்று இறங்குகிற ஆட்டம் இல்லை இது. காலில் நீளப் பட்டைகளை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கோல் ஊன்றி, மேடும் சமதளமுமாகக் கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டும். முடிக்கும்போது ஆள் சுருண்டு விழுவார்.

லீவில் வந்தாலும் பயிற்சியை விடமாட்டார். சக்கரம் வைத்த பட்டைகள் இருக்கின்றன, தார் ரோட்டுக்கென்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் கம்பெனிகளுக்கு நடுவே லாரி இல்லாத ரோட்டில் கோல் ஊன்றிப் போய்க்கொண்டிருப்பார். பின்னால் நாய்கள் துரத்தும். ஒரு தடவை ஒரு கம்பெனி வாட்ச்மேன் கோல்களைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், காலு எதுனா அடிபட்டுச்சா?" என்று விசாரித்தாராம். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு வருஷம் மட்டும் அவர் சிரிக்கிற நிலையில் வரவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. லீவு முடிந்து போனதும் டீமுக்கு ஆள் எடுக்கும் போட்டி. வந்த புதிதில் படி ஏறவே சுவரைப் பிடித்தார். கொஞ்ச நாளில் பார்த்தால் காலையும் மாலையும் பட்டைகளை மாட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறார். வலியா என்று கேட்டால், "இன்னா வலி? ஒண்ணுமில்ல" என்கிறார்.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்கிறேன். நாளெல்லாம் பொருளைத் திருப்பித் திருப்பிக் குறை தேடுகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடுவதில்லை. ஃபிரிட்ஜில் மாவு டப்பாவுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. கேட்டதற்கு வைட்டமின் என்றார். வைட்டமினை எதற்கு மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும்? போன் வந்தால் மாடிக்குப் போனார். சர்க்கரை வியாதியை மறைக்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் வேறு பெண்ணோ என்றுகூட நினைத்தேன்.

குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்த ஒரு காலை, அவர் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஊசி போடுவதைப் பார்த்துவிட்டேன்.

"இன்னாங்க இது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். மறைக்க இடமில்லை.

"பெப்டைடு. நம்ம ஒடம்புல இருக்கற புரோட்டீன் மாதிரிதான். அடிபட்ட எடம் சீக்கிரம் ஆறும், களைப்பு தெரியாது. வெளிநாட்டுல போட்டுக்கறாங்களாம்."

"எந்த டாக்டர் குட்த்தாரு?"

"நான் போற ஜிம்மு மாஸ்டரு."

குப்பியை வாங்கிப் பார்த்தேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. யார் செய்தது, எங்கே செய்தது, எதுவும் இல்லை. எங்கள் கம்பெனியில் ஒரு போல்ட் டப்பாகூட அப்படி வெளியே போகாது.

"போட்டில டெஸ்ட் எடுத்தா மாட்டிக்க மாட்டீங்களா?"

"அதுக்குள்ள ஒடம்ப உட்டுப் போயிடும்னாரு."

தப்பு என்று தெரிந்துதான் போடுகிறார் என்பது அந்த ஒரு பதிலில் விளங்கிவிட்டது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அந்த ஜிம்முக்கே போனேன். மாஸ்டர் நல்ல கட்டுமஸ்தான ஆள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மருந்து எங்கிருந்து வருகிறது என்றேன். "ஆன்லைன்தான்க்கா. எல்லாம் ஒரிஜினல்" என்றார்.

"நீங்க போட்டுக்கறீங்களா?"

"எனக்கு எதுக்குக்கா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க இன்னா, போலீஸ் மாதிரி கேட்டுக்கினு" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வார முடிவில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்ட இடத்தில் எலுமிச்சை அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்றார்.

"இல்ல மேடம். பூச்சி எதுனா கடிச்சிருக்கும்."

கிளம்பும்போதே கைப்பையில் போட்டு வைத்திருந்த குப்பியை நான் எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை. டாக்டரம்மா குப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு வித்தவருக்கும் தெரியாது. சீழ் பிடிச்சிருக்கு, கீறி எடுக்கணும்."

கட்டுப்போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். மற்ற குப்பிகளை அவர் எதிரிலேயே எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். தடுக்கவில்லை. லீவு முடிகிறவரை புண் ஆறவில்லை. முழங்காலிலும் பழையபடி வலி வந்தது. ரயில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்: "கோச்சு கிட்ட நானே சொல்லிடறேன்."

சொன்னாராம். அந்தப் பருவத்தில் அவரை ஓடவிடவில்லை. காலுக்கு முறையாக வைத்தியம் பார்த்து, ஸ்டோரில் வேலை கொடுத்து உட்கார வைத்தார்கள். போனில் பேசும்போது குரலே செத்திருக்கும். நான் செய்தது சரியா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். டாக்டரிடம் அவர் சொன்ன பொய்யை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்திருக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மூணாவது வந்துட்டேன்! டீமுல எட்த்துட்டாங்க!"

எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"எதுனா போட்டீங்களா?"

அந்தப் பக்கம் யாரோ கத்துவதும் காற்று அடிப்பதும் கேட்டது.

"இல்ல. மெய்யாலுமே இல்ல," என்றார். "நீ கேப்பேன்னு தெரியும்." குரலில் கோபமில்லை.

நம்பினேனா என்று கேட்டால், பெரும்பாலும் நம்பினேன். சாப்பிட்டாரா என்று கேட்டேன். இனிமேல்தான் என்றார். சூடாக ஏதாவது குடிக்கச் சொல்லிவிட்டு வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். "எங்க ஊட்டுக்காரரு மூணாவது வந்துக்கிறாரு" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் கண் கலங்கியது.