பரு வராத கண்டக்டர்

மருந்து ஏற்றும் அறையில் நாற்காலியைத் துடைத்து, ஆளை உட்கார வைத்து, பிறகு எழுப்பி அனுப்புவதுதான் என் வேலை. மீதி நேரமெல்லாம் அவர்களோடு காத்திருப்பதுதான். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த உங்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கொடுத்து வைத்தவர்

விழுப்புரத்தில் எங்கள் அறையில் ஆறு நாற்காலி. முற்றிப்போன வாய்ப்புற்றுக்கும் தொண்டைப்புற்றுக்கும் புது மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். கட்டியைத் தேடிப்போய்ப் பிடிக்கும் மருந்தாம். "முகத்தில் பரு வந்தால் மருந்து பிடிக்கிறது என்று நினைக்கலாம்" என்று டாக்டரம்மா ஒருநாள் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒருவர் பருவை ஒருவர் எண்ணத் தொடங்கினார்கள்.

காணை கிராமத்தில் கரும்பு பயிரிடும் முருகேசனுக்கு முகமெல்லாம் பரு. பக்கத்து நாற்காலியில் திண்டிவனம் பஸ் கண்டக்டர் அந்தோணி. கன்னம் வழவழவென்று இருந்தது. அந்தோணியின் மனைவி முருகேசனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்கதாங்க குடுத்து வெச்சவரு."

மல்லாட்டை

முருகேசன் எங்களுக்காக வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, அவித்துக் கொண்டுவந்தார். விழுப்புரத்தில் பொட்டலம் வாங்கினால் திண்டிவனம் வரை கொறித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தவர் அந்தோணி. இப்போது மூக்கில் போட்ட டியூப் வழியாகத்தான் சாப்பாடு. அவர் பார்க்கிறாரே என்று நான் தட்டை வெளியே எடுத்துப் போகப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். கட்டிப்போன குரலில், "இருக்கட்டும் ஆயா. வாசனைக்கு டியூப் வேணாம்" என்றார்.

பீர்க்கங்காய் நார்

அடுத்த முறை அந்தோணி முகம் சிவந்து வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டரம்மா மட்டும் கிட்டே போய்ப் பார்த்தார். பரு இல்லை, கோடுகோடாகச் சிராய்ப்பு. அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். "பரு இல்லைன்னு மருந்தை நிறுத்திடுவீங்களோன்னு பயந்துகினு, பீர்க்கங்கா நாரால தேச்சிட்டேங்க."

ஸ்கேன்

பருவைப் பார்த்து யாரையும் நிறுத்துவதில்லை, ஸ்கேனைப் பார்த்துத்தான் என்று டாக்டரம்மா புரியவைத்தார். ஸ்கேனும் வந்தது. அந்தோணிக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. முருகேசனுக்கு வளர்ந்திருந்தது, அவருக்கு இந்த மருந்து இனிமேல் கிடையாது.

முருகேசன் பையை எடுத்துக்கொண்டு அந்தோணியின் நாற்காலி அருகே நின்றார். அந்தோணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முருகேசன் அவர் தோளைத் தட்டினார். "கண்டக்டரே, தொண்டை தெறந்துச்சுன்னா எனக்கும் சேத்து ரெண்டு மல்லாட்டை மெல்லுய்யா."

இப்போது புதிதாக வருகிறவர்கள் பரு வந்தால் நல்லதா என்று கேட்டால், துடைத்த நாற்காலியையே மறுபடி துடைக்க வேண்டிய வேலை எனக்கு வந்துவிடுகிறது.