தோலோடு வாட்டிய முயல்

மாடத்தி அக்கா காலமாகிவிட்டார் என்று அவர் மகள் போன் செய்தபோது நான் செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் இருந்தேன். அப்படியே நின்றுவிட்ட என்னைப் பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

தாராவியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டு வாசலில் தூக்குச்சட்டியோடு நின்ற உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காடை, வான்கோழி, கினிக்கோழி, பண்ணை முயல் எல்லாம் சமைப்பார். சின்ன வயதில் நெல்லைப் பக்கம் உடும்பும் கௌதாரியும் தின்று வளர்ந்தவர். "பிராய்லரு ஒரு கறியாடே? பஞ்சுல்லா அது" என்பார். வாய்த்துடுக்கு அதிகம். கைப்பக்குவம் அதைவிட அதிகம்.

மூன்று வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. விழுங்க முடிந்தும் சாப்பிட மறுத்தார். கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வார். இன்னும் இரண்டு நாளில் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய்தான் என்றார் டாக்டர். அப்பா அதைப் பிடுங்குவார், பிறகு கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஊரில் தின்ற காட்டு முயல் கறி.

கடையில் ஒரு பண்ணை முயலை வாங்கி, சுத்தமாக உரித்து, அக்காவிடம் கொண்டுபோனேன். பையைத் திறந்ததும் பிடித்துக்கொண்டார். "ஏ கூறுகெட்டவனே, தோல உரிச்சா கொண்டாருவ? தோல் இல்லாம மொயலு என்னத்துக்கு?" நம் பக்கம் முயலை உரிப்பதில்லை, முடியைத் தீயில் பொசுக்கி, மஞ்சள் தடவித் தோலோடு வெட்டுவார்கள். பம்பாயில் பிறந்த எனக்கு அது தெரியாது. காட்டு முயலே பிடித்துத் தர ஆபீஸில் ஒருவன் இருக்கிறான் என்றேன். "அந்தப் பேச்சே எடுக்காத. ஜெயிலுக்குப் போவ. மிஞ்சிக் கெடக்க நாலஞ்சயும் தின்னு தீக்கணுமாக்கும்?" என்றார்.

மறுநாள் காலை அவரே தேவ்நார் சந்தைக்குப் போய் முடியோடு ஒரு முயலும் ஒரு கட்டு வைக்கோலும் வாங்கி வந்தார். கேஸில் வாட்டினால் அந்த மணம் வராதாம். சந்தில் தீ மூட்டினார். புகை ஏறியதும் மாடியிலிருந்து ஒருவர், "க்யா ஜல் ரஹா ஹை?" என்று, என்ன எரிகிறதெனக் கேட்டுக் கத்தினார். "ஸஸா ஹை! கானா ஹை தோ நீச்சே ஆவ்!" என்று முயலுக்கு மராத்தியில் பேர் சொல்லி, இந்தியில் அவரைக் கீழே சாப்பிட அழைத்தார் அக்கா. நான் சிரித்துவிட்டேன். பல நாளாகச் சிரிக்கவில்லை.

கறியைக் குழைய வேகவைத்து, எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவசரமாக, "காட்டு முயல்ப்பா, சாப்பிடுங்க" என்றேன்.

"பொய் சொல்லாதடே," என்றார் அக்கா. "மாமா, இது பண்ணை மொயலு. காட்டு மொயலு இனிமே கெடையாது. தோலோட வாட்டியிருக்கேன். பிடிச்சா தின்னுங்க, பிடிக்கலன்னா துப்புங்க."

எல்லாம் கெட்டது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா அவரைப் பார்த்து, கோணிய வாயால், "தோலு உள்ளதா... பாத்து எடு" என்றார். ஐந்து வாய் சாப்பிட்டார். குழாய் தேவைப்படவில்லை.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த நேர்மையைத்தான். படுத்திருப்பவரும் முழு மனிதர் என்று நினைத்தவர் அவர். அப்பாவிடம் அக்கா இறந்ததைச் சொல்லவே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். நேற்று சொல்லிவிட்டேன். அப்பா நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு என் கையைப் பிடித்து, "மறைக்காமச் சொன்னியேடே" என்றார்.