வற்ற வற்ற ஊற்றிய பானை

செய்தியைக் கொண்டுவந்தவர் பாக்கியம். விசுவமடுவில் இருந்து புதுக்குடியிருப்பு வரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, என் வீட்டுப் படலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"மாஸ்டர், மிஸி போயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வண்டி புடிச்சுக் கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

சைக்கிளைத் திருப்பியவர் மறுபடியும் நின்றார். "எம் பேர்ல எழுதி வச்சிருக்கிறத யாரு மாஸ்டர் இனி அழிக்கச் சொல்லுவா?" என்று கேட்டார். அழுகைக்கு நடுவில் தன்னலமாகக் கேட்ட கேள்வி என்று சிலர் நினைக்கக்கூடும். மிஸி உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்லியிருப்பார்.

இந்த அந்தியேட்டி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்ட உறவினர், "நல்லதுகளை மட்டும் எழுதுங்கோ மாஸ்ரர், பழசைக் கிண்ட வேண்டாம்" என்றார். நாங்கள் மிஸி என்று கூப்பிட்ட தாதி மனோன்மணியின் நல்லதெல்லாம் அந்தப் பழசுக்குள்ளேதான் கிடக்கிறது. கிண்டாமல் எடுக்க எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் போரில் இடம்பெயர்ந்து வன்னியில் வந்து குவிந்ததற்கு அடுத்த வருடம், கடற்கரைக்குக் கிட்ட இருந்த எங்கள் பாடசாலையின் பின்மண்டபங்கள் இரண்டை ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கொடுத்தோம். முன்னால் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். பின்னால் குழந்தைகள் வாட்டு; அதற்குப் பொறுப்பு மிஸி. மருந்து இல்லை, பஞ்சு இல்லை, எழுதக் கடுதாசிகூட இல்லை. அந்த நிலையிலும் அவர் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஒரு கூட்டம் வைத்தார். தாதியர், மருந்து கலப்பவர், கூட்டித் துடைப்பவர் எல்லோரும் வரவேண்டும். அந்தக் கிழமை தான் விட்ட பிழை ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பெயர் எழுதப்படாது, நடந்தது மட்டும் ஒரு கொப்பியில் எழுதப்படும். அப்படியொரு படிப்பை நான் எந்த ஆசிரியர் கலாசாலையிலும் கண்டதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிஸியே தொடங்கினார். ஒரே பெயருள்ள இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்ததையும், ஒருவருக்குரிய ஊசியை மற்றவருக்குப் போட்டதையும், நல்லகாலம் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொன்னார். மருந்து கலப்பவர் பகிடிக்காரர். "மிஸி, இது வேதக்காரற்ற பாவசங்கீர்த்தனம் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

"அங்க மன்னிப்புக் கிடைக்கும். இங்க வேலைதான் கிடைக்கும். எழும்பிப் போய் ஒரே பேர் உள்ள பிள்ளையளின்ர கட்டிலைத் தள்ளிப் போடுங்கோ."

கூட்டத்துக்கு என்னையும் இழுத்தார். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிவைக்கவேண்டும், அதைக் கோடாகக் கீறிப் பார்க்க ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்றார். பிள்ளைகளின் வருத்தத்துக்கும் தண்ணீருக்கும் தொடர்பு இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாக்கியம் கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். வாட்டில் சிற்றூழியராக இருந்த பாக்கியம் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் துரத்தப்பட்டு வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். திங்கட்கிழமைகளில் என் வகுப்பு யன்னலில் வந்து நிற்பார். "இன்னிக்கு ஒரு முடிச்சுக் கூட எறங்கிருச்சு மாஸ்டர்." நான் புள்ளியிட்டுக் கோடு கீறுவேன். ஆடி மாதம் வரை அந்தக் கோடு அழகாக இறங்கியது. அதைச் சுவரில் ஒட்டிவைத்துப் பெருமைப்பட்டேன். அது என்ன சொல்கிறது என்று, நாற்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

அந்த ஆடியில் வயிற்றோட்டம் பரவியது. கரைசல் பைக்கற்றுகள் முடிந்துவிட்டன. கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் சீனியும் அளந்து போட்டு வாட்டிலேயே கரைசல் செய்தார்கள். அதைச் செய்தவர் பாக்கியம். தேறவேண்டிய பிள்ளைகள் சிலர் தாகம், தாகம் என்று துடித்தார்கள். சிலருக்கு வலிப்பு வந்தது. இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று இறந்துபோனது.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரி வந்தார். ஐந்து நிமிடத்தில் விசாரணை முடிந்துவிட்டது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். "தோட்டக்காட்டுச் சனத்திட்ட அளவு வேலையைக் குடுத்தது ஆர்? உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள்."

பாக்கியம் தலையைக் குனியவில்லை. "ஐயா, பத்து வயசில இருந்து கொழுந்து நிறுத்துக் குடுத்தவ நான். அரை றாத்தல் கொறஞ்சாலும் கங்காணி பேர் வெட்டி அன்னிக்குக் கூலியக் கொறப்பான். எனக்கு அளவு தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவரை அன்றே வாட்டில் இருந்து நிறுத்தினார்கள். பிள்ளையைக் கொன்றவள் என்ற பேச்சு முகாம் முழுவதும் பரவியது. தண்ணீர் அள்ளப் போன இடத்தில் பெண்கள் விலகி நின்றார்கள்.

மிஸி கொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மாஸ்ரர், ஆர் செய்தது எண்டதை விடுங்கோ. எப்ப நடந்தது எண்டு பாப்பம்." எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குக் குடித்தது என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டு எழுதியிருந்தார். இரண்டு பேரும் நிரல்படுத்தினோம். காலையில் செய்த கரைசலைக் குடித்த பிள்ளைகள் தேறியிருந்தார்கள். பின்னேரத்துக் கரைசலைக் குடித்தவர்களே துடித்தார்கள். நான் என் மாணவருக்கு அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: முப்பது பேரும் ஒரே கணக்கில் ஒரே பிழையை விட்டால், பிழை கரும்பலகையில் இருக்கிறது. ஒரே கை, ஒரே கரண்டி. காலையில் சரி, பின்னேரம் பிழை. அப்படியானால் பிழை கையில் இல்லை.

மறுநாள் மிஸி விடிந்தது முதல் பொழுதுபடும் வரை குசினியில் குந்தியிருந்தார். இருந்தது ஒரேயொரு பெரிய பானை. விடிய ஒருக்கால் கழுவி நிரப்பி ஏற்றினால், பொழுதுபடும் வரை அது அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. வற்ற வற்றக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தார்கள். காலையில் ஒரு போத்தல், பின்னேரம் ஒரு போத்தல் எடுத்து, இரண்டு இனாமல் தட்டுகளில் ஊற்றி என் வகுப்பு முற்றத்தில் காயவைத்தோம். காலைத் தட்டில் மெல்லிய வெள்ளைப் படலம் இருந்தது. பின்னேரத் தட்டில் நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு உப்பு. பாடசாலைத் தராசில் நிறுத்தும் பார்த்தோம்.

கிணறு இறங்க இறங்கத் தண்ணீர் உவராகிக்கொண்டு வந்திருக்கிறது. நாக்குப் பழகிவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. பானையில் நீர் ஆவியாகப் போக, உப்பு அடியில் தங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குமேல் பாக்கியம் சரியான அளவு உப்பைப் போட்டிருக்கிறார்.

மிஸி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பச்சைத் தண்ணி ஒரு சொட்டும் குடுக்கக்கூடாது, பானையை இறக்கவேண்டாம், வத்த வத்த ஊத்துங்கோ எண்டு சொன்னது நான்தான் மாஸ்ரர்."

அன்று பின்னேரமே அந்தக் குழந்தையின் தாயிருந்த கொட்டிலுக்குத் தனியாகப் போனார். என்ன நடந்தது என்று பிறகு கேட்டேன். "எல்லாம் சொன்னனான். அவா குடிக்கத் தண்ணி தந்தா. குடிச்சிட்டு வந்தனான்" என்றார்.

விசாரணைக்கு அவர் மூன்று பக்கம் எழுதிக்கொடுத்தார். பொறுப்பதிகாரி வாசித்துவிட்டு, "உம்மை நீரே காட்டிக்குடுக்கிறீர். இதை எழுதினா பிழை உம்மட தலையிலதான் விழும்" என்றார்.

"ஓம் சேர். அதுக்குத்தான் எழுதினனான். பாக்கியத்தின்ர தலையில இருந்து எடுங்கோ."

எடுக்கவில்லை. பானை மாறியது, குடிதண்ணீரும் கரைசலுக்கான தண்ணீரும் தூரத்து நன்னீர்க் கிணற்றில் இருந்து வந்தன, பிறகு ஒரு பிள்ளைக்கும் அப்படி நடக்கவில்லை. மிஸி சொன்னது சரி என்று தெரிந்துதான் அவற்றை மாற்றினார்கள். ஆனால் சுகாதாரக் கந்தோரின் விசாரணைக் கோவையில் பாக்கியத்தின் பேரில் எழுதியது "சிற்றூழியரின் கவலையீனம்" என்பது. மிஸிக்கு வரவேண்டிய பதவியுயர்வு வரவில்லை. விசுவமடுப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கேட்டதன்பேரில் பாக்கியத்துக்கு நாட்கூலி வேலை கிடைத்தது. இன்றுவரை நாட்கூலிதான். நிரந்தரம் கேட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோவையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். மிஸி திரும்பத் திரும்ப எழுதினார். தங்கள் வாக்குமூலம் எதுவும் கோவையில் இல்லை என்று பதில் வந்தது.

ஒருமுறை நானும் சலித்து, "விடுங்கோ மிஸி, அந்தப் பிள்ளை திரும்பி வரப்போறேல்லை" என்று சொல்லிவிட்டேன். "வராதுதான். அடுத்த பிள்ளை வரும். பிழையைச் சொன்ன எனக்கும் பிழையே விடாத பாக்கியத்துக்கும் நடந்ததைப் பாத்தா, இனி எந்த வாட்டில ஆர் வாய் திறப்பினம்?" என்றவர், ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், இலகுவில் ஆறாது. இப்போது நினைக்கையில், ஆறாமல் இருந்ததே சரி.

செத்தவீட்டில் அதே கந்தோர் அதிகாரி ஒருவர் மாலை போட்டுப் பேசினார். "தன் சேவைக்காலத்தில் ஒரு பிழையும் விடாத உத்தமி" என்றார். சனம் தலையாட்டியது. பந்தலின் ஓரத்தில் பாக்கியம் நின்றார். ஒரு மனிதர் தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய காரியம், தன் பிழையைத் தன்னுடையது என்று எழுதிக் கையொப்பம் வைத்தது. அந்தக் கடிதத்தைத் தொலைத்தவர்களே வந்து, அவர் பிழை விடாதவர் என்று புகழ்கிறார்கள். மிஸி பிழை விட்டார். நானும் விட்டேன். விடாதவர் பாக்கியம் ஒருவர்தான், தண்டனையும் அவருக்குத்தான்.

என்னிடம் மிஸியின் படம் இல்லை. இருப்பது, அந்த வாக்குமூலத்தின் கார்பன் நகல். இடமாற்றத்தில் போகும்போது தந்தார். "உங்கட அலுமாரியில வையுங்கோ மாஸ்ரர். கடுதாசி இல்லையெண்டு எங்கட ஆக்கள் இதிலயும் குளிசை மருந்து சுத்திக் குடுத்துப்போடுவினம்" என்று சிரித்தார். கடைசிப் பக்கத்தில் கையொப்பத்துக்கு மேலே இப்படி இருக்கிறது: "பானையை இறக்கவேண்டாம் என்ற கட்டளை என்னுடையது. பாக்கியம் சொன்னபடி சரியாகச் செய்தார்."

அந்தியேட்டி முடிந்து வரும் திங்கட்கிழமை, பாக்கியமும் நானும் இந்த நகலை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போகிறோம். கோவையைத் திறந்து அந்த வரியை எங்கள் கண்முன்னே வெட்டும்வரை கதிரையை விட்டு எழும்புவதாக இல்லை. மிஸியோடு வேலை செய்தவர்கள், அவர் கையால் பிள்ளையைத் திரும்பப் பெற்றவர்கள், இந்த மலரை வாசித்துவிட்டு மூடி வைக்கவேண்டாம். காலை முதல் பஸ்ஸுக்கு வாருங்கள்.