ஆல்பர்ட் தள்ளிய சிப்பாய்

அட்டுவம்பட்டியில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தது டயல்-அப் காலத்தில். கொடைக்கானல் ஈரத்துக்கு மெஷின்கள் அடிக்கடி படுத்துவிடும். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி மெஷின் எழுந்து உட்கார்ந்துவிடும். வடகவுஞ்சி சவரிமுத்து ஐயா கம்பளியில் சுற்றிய சிபியுவோடு வந்து நின்றபோதும் அந்தக் கேஸ்தான் என்று நினைத்தேன்.

"ரிப்பேர் இல்ல தாயி. ஒரு சோலி பாதியில கெடக்கு. முடிச்சுக் குடுக்கணும்."

அவர் மகன் ஆல்பர்ட் மதுரையில் எம்.சி.ஏ. படித்தவன். சொந்தமாக ஒரு செஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. அவனுக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அப்பாதான். இப்போது காரட் தோட்டத்திலிருந்து வந்ததும் தினமும் அந்த புரோகிராமோடு ஓர் ஆட்டம் ஆடுகிறார்.

"டேபிள்பேஸ் போட்டாத்தான் முடியும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அது என்னன்னு எனக்குத் தெரியாது."

பலகையில் நாலைந்து காய்கள் மட்டும் மிஞ்சும்போது, எந்த நிலைக்கு எது சரியான மூவ் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்த ஃபைல்கள்தான் டேபிள்பேஸ். அதற்குப் பிறகு புரோகிராம் யோசிக்க வேண்டியதில்லை, பார்த்து வைத்தால் போதும். அதைப் படிக்கும் புரோகிராம் வரிகளை ஆல்பர்ட் எழுதி முடித்திருந்தான். ஃபைல்கள்தான் இல்லை. எங்கள் லைனில் அதை டவுன்லோடு செய்ய ஒரு ஜென்மம் போதாது. சென்னையிலிருந்து சிடிகளில் வரவழைத்து ஏற்றினேன். முதல் தடவையே ஓடியது. இப்படி எழுதுகிற பிள்ளையையா கொண்டுபோவாய் என்று சாவைத் திட்டினேன்.

அடுத்த வாரமே கம்பளி மூட்டை திரும்பி வந்தது.

"தாயி, அவனக் காணோம்."

"ஃபைல் டெலீட் ஆயிருச்சா ஐயா?"

"ஃபைலெல்லாம் இருக்கு. அவனத்தான் காணோம். காய் கொறைஞ்சா ரொம்ப நேரம் யோசிப்பான். இப்ப டக்கு டக்குனு வைக்கிறான். ஒரு தப்பும் பண்ண மாட்டேங்கிறான். அத எடுத்துருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மகன் ஆசைப்பட்டதுங்க இது. அதப் போய் எடுக்கச் சொல்றீங்களே?"

"அவன் ஆசைதான் தாயி, தெரியும். எனக்கு அவன் வேணுமே, நான் என்ன செய்ய?"

அவன் எழுதிய வரிகளில் நான் கை வைக்கவில்லை. ஃபைல்கள் இருக்கும் இடத்தை மட்டும் புரோகிராமுக்குத் தெரியாமல் செய்தேன். ஐயா கடையிலேயே ஆடிப் பார்த்தார். கடைசியில் அவருக்கு ராஜா மட்டும், மெஷினுக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். ராஜா முன்னால் போய் வழி செய்தால் சிப்பாய் பின்னாலேயே வந்து ராணியாகிவிடும், மெஷின் ஜெயித்துவிடும். ஃபேன் இரைய மெஷின் வெகுநேரம் யோசித்தது. பிறகு ராஜாவை விட்டுவிட்டுச் சிப்பாயைத் தள்ளியது. சிப்பாயின் வழி அடைபட்டு ஆட்டம் டிரா.

அவர் மானிட்டரில் கையை வைத்தார். "ஏலே, ராஜாவ முன்னால கொண்டு போன்னு எத்தன தடவடா சொல்றது? அப்படி என்னடா அவசரம் உனக்கு?" என்று கேட்டுவிட்டு, தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

சர்வீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கஸ்டமர் மெஷினில் ஒரு தப்பைப் பார்த்தால் உடனே சரி செய்துவிடாதீர்கள். அது யாருடைய தப்பு என்று முதலில் கேளுங்கள்.