கோல்ஃப் புல்லும் சரசாவின் கிணறும்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை மழையில் கரைந்து போகட்டும். முதுகில் பூச்சிமருந்து டேங்க் மாட்டி வெயிலில் நடந்த தோழர்களே, கோல்ஃப் மைதானத்தில் பந்தடிக்கிறவனை ஊரே பார்க்கும். மருந்தடிக்கிறவனைப் பார்ப்பது புழு மட்டும்தான்.

ஏப்பம்

மாதனூர் பக்கம் ஷூ கம்பெனி வைத்திருக்கும் பாய், ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் விளையாட ஒரு கோல்ஃப் மைதானம் போட்டார். புல்லெல்லாம் வெட்டுப்புழு. நான் அடித்த மருந்தைக் குடித்துவிட்டு ஒரு புழு ஏப்பம் விட்டது. இந்தக் காதால் கேட்டேன். போய்ச் சொன்னால் பாய் சிரிக்கவில்லை.

"கம்மியா அடிச்சா ஏப்பம்தான் விடும். ஜாஸ்தியா அடிங்க பெரியவரே!"

தட்டில் வந்த கெண்டை

மைதானத்துக்குக் கீழே சரசாவின் நிலம். சுற்றிலும் கிணறுகள் உப்புக் கரித்துப் போக, அவள் கிணறு ஒன்றுதான் வாயில் வைக்கிற மாதிரி இருந்தது. தெருவே அங்கேதான் குடம் வைக்கும். ஒரு பெருமழையில் என் மருந்து வழிந்து அதில் இறங்கிவிட்டது. கிணற்றில் விட்டிருந்த கெண்டைகள் மல்லாந்து மிதந்தன. சரசா ஒன்றைத் தட்டில் வைத்து நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாண்ணா, குழம்பு வச்சா சாப்பிடுவீங்களா?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாயிடம் சொன்னேன், பையர் வரும் நேரத்தில் கிணற்றுக் கதையா என்றார்.

பல்லில் குச்சி

பந்தை நிறுத்த ஒரு சின்னக் குச்சி வைப்பார்கள். அடித்து முடித்ததும், வந்திருந்த பையர் குச்சியைப் புல்லிலிருந்து பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டார். காலையில்தான் அங்கே மருந்தடித்திருந்தேன்! மான் மாதிரி நாலு தாவு தாவி, வாயிலிருந்தே பிடுங்கிவிட்டேன். பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. நான் மருந்து டப்பாவைக் காட்டினேன், கீழே கிணற்றையும் காட்டினேன். பையர் இங்கிலீஷில் நீளமாக ஏதோ பேசினார்.

"ஷூ தோல்ல இன்னா கெமிக்கல்னு கேக்கறவரு, இனிமே புல்லுல இன்னான்னும் கேப்பாராம். பேஜாரு! நிறுத்துங்க மருந்தை!" என்றார் பாய்.

கூலியில்லாத ஆட்கள்

நிலக்கடலைக் கொல்லையில் நடுவோமே, குருவி உட்காரும் கவைக்குச்சி, அதை மைதானமெங்கும் நட்டேன். கரிச்சான்கள் வந்து புழுவைப் பொறுக்கின. ஒன்று பாய் அடித்த பந்தைத் தூக்கிக் குழிக்குள்ளேயே போட்டது. பாய் தன் திறமை என்கிறார். சரசா பக்கத்து ஓரத்தில் புல்லை வெட்டாமல் அடர விட்டேன், மழைத்தண்ணி வடிகட்டி இறங்கட்டுமென்று. கிணற்றை இறைத்துத் தூர்வாரினோம். அடுத்த மழைக்குப் பிறகும் புதுக் கெண்டைகள் துள்ளின. பரிசோதனைக்குக் கொடுத்தனுப்பிய தண்ணியும் நல்லதென்று வந்தது. குடங்களோடு தெருவே நிற்க, சரசா ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள்.

"முதல்ல நீங்க குடிங்கண்ணா. பொழுது சாயறவரைக்கும் நல்லா இருந்தீங்கன்னா நாங்க குடிக்கிறோம்."

குடித்தேன், கல்லுமாதிரி இருக்கிறேன். மருந்தே அடிக்காமல் மருந்தடிக்கிறவன் சம்பளம் வாங்குகிற ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் என்பதால், இதையெல்லாம் சொன்னது யாரென்று பாய் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.